‘தி ரேவன்’ கவிதையில் துக்கம் இருக்கிறதா, கணக்கு மட்டும்தானா?

செய்யுள்தச்சன்

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ என்றாலே எல்லாரும் ‘இழப்பின் மகத்தான கவிதை’ என்று ஆரம்பிக்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. படிக்காதவர்களுக்குக் கதை இதுதான்: டிசம்பர் நள்ளிரவு. இறந்துபோன லெனோரை மறக்கப் பழைய புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கிறான் ஒருவன். தட்டும் சத்தம் கேட்கிறது. சன்னலைத் திறந்தால் ஓர் அண்டங்காக்கை நுழைந்து, கதவுக்கு மேலுள்ள பல்லாஸ் தெய்வத்தின் மார்பளவுச் சிலையில் உட்கார்ந்துவிடுகிறது. எதைக் கேட்டாலும் அதன் பதில் ‘நெவர்மோர்’, அதாவது இனி ஒருபோதும் இல்லை.

1845 ஜனவரி 29 அன்று நியூயார்க் ‘ஈவினிங் மிரர்’ இதழில் இது வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ‘கிரகாம்ஸ் மேகசின்’ இதழில் எழுதிய கட்டுரையில் போவே செய்முறையைச் சொல்லிவிட்டார். முதலில் நீளத்தை முடிவு செய்தார்: ஒரே மூச்சில் படிக்கச் சுமார் 100 வரி (வந்தது 108). பிறகு சோகம் என்ற தொனி, பிறகு பல்லவி. பல்லவிக்கு நீண்ட ‘ஓ’வும் ‘ர’வும் வேண்டும் என்றார், அதற்குப் பொருந்திய சொல் ‘நெவர்மோர்’. ஒரே சொல்லை ஒரு மனிதன் திரும்பத் திரும்பச் சொன்னால் நம்பமுடியாது, ஆகவே பேசும் பறவை. முதலில் கிளியை நினைத்தார், தொனிக்கு ஒத்துவரவில்லை என்று அண்டங்காக்கைக்கு மாறினார். இறந்த பெண் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறாள். இதில் துக்கம் எங்கே இருக்கிறது?

நள்ளிரவுவாசகி

அந்தக் கட்டுரை, கவிதை புகழ்பெற்று 15 மாதம் கழித்து எழுதியது. அதை அப்படியே நம்ப முடியாததற்குச் சான்று போவின் எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் கிரிப் என்றொரு அண்டங்காக்கை உண்டு. 1842 பிப்ரவரியில், அதே கிரகாம்ஸ் இதழில் அந்த நாவலுக்கு எழுதிய மதிப்புரையில், அந்தப் பறவையின் கரைதலைக் கதைக்கான முன்னறிவிப்பாகப் பயன்படுத்தியிருக்கலாமே என்று போ குறைபட்டிருக்கிறார். கிளியிலிருந்து கழித்துக் கழித்து வந்து சேர்ந்த பறவை அல்ல இது. மூன்று ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்தது.

சரி, கட்டுரையை விடுங்கள், கவிதையை எண்ணுவோம். மொத்தம் 18 பத்தி. முதல் ஏழில் ஆறு ‘நத்திங் மோர்’ (வேறொன்றுமில்லை) என்று முடிகின்றன, இரண்டாவது மட்டும் ‘எவர்மோர்’ (என்றென்றும்). 8 முதல் 18 வரை பதினொன்றும் ‘நெவர்மோர்’. இந்தப் பதினொன்றில் பறவை வாய் திறந்து சொல்வது ஆறே ஆறு: 8, 10, 14, 15, 16, 17. மிச்சம் ஐந்தும் அவனுடையவை. 13ஆம் பத்தியைப் பாருங்கள். ஊதா வெல்வெட் மெத்தையில் தலை சாய்த்திருக்கிறான், விளக்கொளி அதன்மேல் விழுகிறது. அவன் எதுவும் கேட்கவில்லை, பறவை எதுவும் சொல்லவில்லை. இந்த மெத்தையில் ‘அவள்’ இனிச் சாயமாட்டாள் என்று அவனுக்கே தோன்றுகிறது. அந்த இடத்தில் லெனோர் என்ற பெயர்கூட இல்லை, வெறும் ‘அவள்’. துக்கம் எங்கே என்று கேட்டீர்களே, அங்கே இருக்கிறது.

11ஆம் பத்தியிலேயே அவன் சரியாகக் கணித்துவிடுகிறான்: துயரப்பட்ட எவனோ ஒரு எசமானிடம் வளர்ந்த பறவை, இந்த ஒரு சொல்லைத்தான் கற்றிருக்கிறது. தெரிந்த பிறகும் கேட்கிறான். அதுவும் எப்படி? 14இல் மறதி கிடைக்குமா, 15இல் கிலியாதில் (குணமாக்கும் தைலத்துக்குப் பைபிளில் பேர்போன இடம்) மருந்துண்டா, 16இல் சொர்க்கத்திலாவது அவளை அணைப்பேனா என்று. ‘இந்த வலி நிலைத்திருக்குமா’ என்று கேட்டிருந்தால் அதே ‘நெவர்மோர்’ ஆறுதலாகியிருக்கும். ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர் காயத்தைத் தானே கிளறுவது இப்படித்தான்.

செய்யுள்தச்சன்

கிரிப் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்விகளின் வரிசையை நீங்கள் துக்கத்துக்குச் சான்றாகக் காட்டுகிறீர்கள், போ அதையும் திட்டம் என்றே சொல்கிறார். முதலில் எழுதியது 16ஆம் பத்தியாம். முன்னால் வரும் எதுவும் அதைவிட வலுவாக அமைந்திருந்தால் வேண்டுமென்றே பலவீனப்படுத்தியிருப்பேன் என்கிறார்.

ஒலியும் அப்படியே. ஒவ்வொரு பத்தியிலும் 2, 4, 5, 6ஆம் வரிகள் ‘ஓர்’ என்றே முடிகின்றன. 108இல் 72 வரி! முதல் வரியின் நடுவும் முடிவும் இயைகின்றன, மூன்றாவதிலும் அப்படியே, மூன்றாவதன் இயைபு நான்காவதன் நடுவுக்கும் தாவுகிறது. முதல் பத்தியில் ‘நாப்பிங், டாப்பிங்’, அடுத்த வரியில் ‘ராப்பிங்’. நீண்ட வரிகள் 16 அல்லது 15 அசை ஓடி, கடைசி வரி 7 அசையில் சட்டென்று நின்றுவிடும். அழுகிறவன் இவ்வளவு துல்லியமாகக் கட்டுவானா?

கல்விளக்கு

ஒப்பாரி பாடுகிறவர் எதுகை தப்பாமல்தானே பாடுகிறார்? கட்டுக்கோப்பு இருந்தால் துக்கம் இருக்காது என்பது எந்த மொழியிலும் நிற்காது.

அறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதை வெறும் அலங்காரம் என்று தள்ளாதீர்கள். வெளியே புயல், உள்ளே அமைதி. புயலால்தான் பறவை உள்ளே வருகிறது. வெண்பளிங்குச் சிலைமேல் கரிய இறகு. பல்லாஸ் அறிவின் தெய்வம், அவள் தலைமேல் இது உட்காருகிறது. படித்தவனின் படிப்பு உதவாமல் போவதைப் போ விளக்கவே இல்லை, காட்டிவிடுகிறார்.

கடைசிப் பத்தியில் ஒரு சிக்கல் உண்டு. விளக்கொளி பறவையின் நிழலைத் தரையில் விழவைக்கிறது. பறவை கதவுக்கு மேல் இருக்கிறது, மேசை விளக்கு என்றால் நிழல் சுவரில் ஏறியிருக்கும். இதைக் கேட்டவருக்கு, கதவுக்கும் சிலைக்கும் மேலே சுவரில் பொருத்திய விளக்கு என்று போ கடிதத்தில் பதில் சொன்னார். கவிதைக்குள் அந்த விவரம் இல்லாதது குறைதான். ஆனால் அதே பத்தியில் காலம் மாறுவதைக் கவனியுங்கள். அதுவரை 102 வரிகளில் கடந்த காலமாக வந்த கதை, அங்கே நிகழ்காலம் ஆகிறது: பறவை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை நாளாக? சொல்லவில்லை. அந்த நிழலிலிருந்து என் உயிர் எழாது என்று அவன் வாயாலேயே கடைசி ‘நெவர்மோர்’ வருகிறது.

நள்ளிரவுவாசகி

காலமாற்றம் நல்ல கவனிப்பு. ஒரு எச்சரிக்கை: மனைவி வர்ஜீனியாவின் சாவைப் பாடினார் என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. அவருக்கு 1842 ஜனவரியில் இரத்தம் கக்கும் நோய் தெரியவந்தது, இறந்தது 1847 ஜனவரி 30. கவிதை வந்தபோது உயிரோடு இருந்தார்.

செய்யுள்தச்சன்

அதில் நாம் ஒன்று. பறவையைப் பிசாசு என்பவர்களுக்கும் சொல்லவேண்டும்: அது முடிவில்லாத நினைவின் சின்னம் என்பது கடைசிப் பத்தியின் கடைசி வரியில்தான் தெரியவேண்டும் என்பதே போவின் திட்டம். அவனும் 15இல் ‘பறவையோ பிசாசோ’ என்கிறானே தவிர முடிவு செய்வதில்லை. தமிழில் பெயர்ப்பவர்கள் ‘காகம்’ என்று போடவேண்டாம். நமக்குக் காகம் முன்னோர், விருந்து வரக் கரைவது. அந்த வாசனை இங்கே பொருளையே திருப்பிவிடும்.

கல்விளக்கு

பறவையைவிடப் பல்லவிதான் பெரிய இடர். தமிழில் ‘ஒருபோதும்’ தனியே நிற்காது, பின்னால் எதிர்மறை வேண்டும். ‘இனியில்லை’ என்று வைத்தால் 14, 15, 16இல் பொருந்தும். 9இல் பறவையின் பெயராக இடறும். 17இல் ‘போய்விடு’ என்பதற்கு மறுப்பாகவும் வலுவில்லை. ‘ஓ’வும் போய்விடுகிறது.

நள்ளிரவுவாசகி

அப்படியானால் ‘நெவர்மோர்’ என்றே விட்டுவிடலாம். பறவைக்குத்தான் அந்தச் சொல்லின் பொருள் தெரியாதே. அந்நிய ஒலியாக இருந்தால் அவன் தானே பொருள் கொடுத்துக்கொள்வது இன்னும் தெளிவாகத் தெரியும்.

செய்யுள்தச்சன்

13இலும் 18இலும் அதை அவன் தன் சொல்லாக அல்லவா சொல்கிறான்? அந்த இரண்டு இடத்திலாவது தமிழ் வேண்டும். 13க்கு ‘இனிச் சாயமாட்டாள்’ போதும். 18க்கு எனக்கு இன்னும் அகப்படவில்லை.