பசிபிக் ரிம்: ரோபோ மெதுவாக அடித்தால் குற்றமா?

ஓசூர்_ஃபிட்டர்:
2013-இல் வந்த பசிபிக் ரிம் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். கடலடியில் ஒரு பிளவு, அதிலிருந்து கைஜூ என்கிற ராட்சத மிருகங்கள் ஏறி வருகின்றன. அவற்றோடு மோத யேகர் என்ற ரோபோக்கள். உள்ளே இரண்டு பைலட், இருவர் மூளையும் இணைந்தால்தான் ரோபோ அசையும். கதை இவ்வளவுதான். ஆனால் இரும்புக்கு எடை உண்டு என்று நம்ப வைத்த ரோபோ படம் எனக்கு இது ஒன்றுதான். ஹாங்காங் தெருவில் ஜிப்ஸி டேஞ்சர் என்கிற யேகர் ஒரு கப்பலையே தரதரவென்று இழுத்து வந்து கைஜூவை விளாசுமே! டைரக்டர் கில்லெர்மோ டெல் டோரோவுக்குப் பெரிய கும்பிடு.

பென்னாகரம்_பையன்:
கப்பல் அடிக்கு நானும் விசிலடித்தேன் அண்ணே. மீதி? முக்கால்வாசி சண்டை ராத்திரியில், மழையில். ரோபோ கையை ஓங்கி இறக்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். 2018-இல் வந்த இரண்டாம் பாகம் தேவலை. பகல் வெளிச்சம், நல்ல வேகம்.

ஓசூர்_ஃபிட்டர்:
அந்த வேகம்தான் அதைக் கெடுத்தது தம்பி. ஜிப்ஸியின் உயரம் ஏறக்குறைய 80 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு பொருள் விழவே 4 வினாடி ஆகும். நம் தலை உயரத்திலிருந்து விழ அரை வினாடி சொச்சம். அப்புறம் அந்தக் கை மட்டும் எப்படி நம் கை மாதிரி சட்டென்று இறங்கும்? இரண்டாம் பாகத்தில் தகர பொம்மைகள் குதிக்கின்றன. மழையும் வீண் இல்லை, தோளில் விழுந்து அருவியாக வழியும்போதுதான் அதன் அளவே கண்ணுக்குப் பிடிபடுகிறது.

பர்கூர்_குவாரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கிரானைட் குவாரியில் ஹிட்டாச்சி ஓட்டுகிறேன். வண்டி பெரிதாகப் பெரிதாக அதன் நீளக் கையான பூம் திரும்புவது நிதானமாகத்தான் இருக்கும். அவசரப்பட்டுத் திருப்பினால் வண்டியே ஆடும். ஃபிட்டர் அண்ணன் சொல்வது சரி.

பென்னாகரம்_பையன்:
கணக்கு என்று வந்துவிட்டால் முழுசாகப் போடுங்கள். உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு, தாங்கும் காலின் குறுக்குப் பரப்பு நான்கே மடங்கு. 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். அந்தக் கைஜூ எழுந்து நின்றாலே கால் முறியும். அதுகூடப் போகட்டும். ஓட்டாச்சி என்கிற கைஜூ சிறகு விரித்து ஜிப்ஸியை வானத்துக்குத் தூக்கிப் போகிறது. அங்கிருந்து விழுந்து, ஸ்டேடியத்தில் இறங்கி, ரோபோ எழுந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் ரெண்டு பேரும் சட்னி ஆகியிருக்க வேண்டாமா? போதாக்குறைக்கு, ரோபோவில் வாள் இருப்பதே அந்த உயரத்துக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது!

ஓசூர்_ஃபிட்டர்:
ரோபோவைப் புதுப்பித்தது பைலட்களில் ஒருத்தியான மாக்கோ. வாள் இருப்பது இன்னொரு பைலட் ராலேவுக்குத் தெரியாது.

பென்னாகரம்_பையன்:
ரெண்டு பேர் மூளையும் ஒன்றாக இணைந்திருக்கிறது, வாள் மட்டும் தெரியாதா? 😂

ஓசூர்_ஃபிட்டர்:
சிரியுங்கள். ஆனால் மாக்கோவின் சின்ன வயசு நினைவு வருமே, சாம்பல் படிந்த டோக்கியோ தெருவில் கையில் ஒரு சிவப்பு ஷூவோடு அழுதுகொண்டு ஓடுமே அந்தக் குழந்தை, அதைப் பாருங்கள். பின்னால் வரும் மிருகத்தின் அளவு அந்தக் குழந்தையால்தான் நமக்கு உறைக்கிறது. இரண்டாம் பாகத்தில் இப்படி ஒரு இடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பென்னாகரம்_பையன்:
அந்தக் காட்சியை நான் எங்கே குறை சொன்னேன்? வாளுக்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே.