மாயச் சுவரைக் காவலர்கள் நம்ப வேண்டுமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டம் நடத்துகிறேன். தப்பி ஓடும்போது ஒரு வீரர் சைலன்ட் இமேஜ் என்ற சத்தமில்லாத மாயத்தோற்ற மந்திரத்தைப் போட்டுக் கோட்டைத் தாழ்வாரத்தின் குறுக்கே கற்சுவரை எழுப்பினார். துரத்தி வந்த காவலர்கள் அதைப் பார்த்ததுமே, அது பொய் என்று கண்டுபிடிக்கப் பகடை உருட்டலாமா?

பதில்: கூடாது. 2014 விதிப்படி ஒருவர் தன் முறைக்குரிய செயலான ஆக்‌ஷனைச் செலவழித்து ஆராய்ந்தால்தான் இன்வெஸ்டிகேஷன் சோதனை (துப்பறியும் திறனுக்கான பகடை உருட்டல்), அதுவும் மந்திரம் போட்டவரின் ஸ்பெல் சேவ் டிசியை, அதாவது அவர் மந்திரத்தை முறியடிக்கத் தேவையான எண்ணை, எட்ட வேண்டும். நீங்கள் எல்லாருக்கும் இலவசமாக உருட்டிக் கொடுத்தால் அப்புறம் யாரும் மாயத்தோற்ற மந்திரத்தையே தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் சுவரில் கை வைத்தாலோ, எறிந்த கல் ஊடுருவிப் போனாலோ குட்டு உடைந்துவிடும், உருட்டலே வேண்டாம்.

பதில்: விதி சரி, ஆனால் காவலர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் யோசியுங்கள். தினமும் நடக்கும் தாழ்வாரத்தில் திடீரென்று சுவர் முளைத்தால் யாராக இருந்தாலும் தொட்டுப் பார்ப்பார்கள். அதே வீரர் இந்த மந்திரத்தின் எல்லையான 15 அடி கனசதுரத்துக்குள் உடைந்த கூரையின் இடிபாடுகளைக் காட்டியிருந்தால் நான் தயங்காமல் நம்ப வைத்திருப்பேன். சத்தம் வராதது மட்டும்தான் இடிக்கும்.

பதில்: ஃபேன்டாஸ்மல் ஃபோர்ஸ் என்ற இன்னொரு மாயத்தோற்ற மந்திரத்தை இதோடு குழப்பாதீர்கள். அது ஒருவர் மனதுக்குள் மட்டும் நடப்பது, தொடக்கத்திலேயே இன்டெலிஜென்ஸ் சேவ், அதாவது அறிவால் மந்திரத்தைத் தடுக்கும் உருட்டல், உண்டு. தோற்றால், இல்லாத பாலத்தில் கால் வைத்து விழுந்தவர்கூட யாரோ தள்ளிவிட்டார்கள் என்றே நம்புவார்.