ரப்பர் மர அறுவை ஆலையில் உற்பத்தித் திறன்: ஆள் கணக்கா, மரக் கணக்கா?

பினாங்கு மாணவன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டுத் திட்டக்கட்டுரைக்காக, செபராங் பிறை வட்டாரத்திலுள்ள ஒரு ரப்பர் மர அறுவை ஆலையின் பதிவேடுகளைப் படித்து வருகிறேன். அங்கே பழைய பேண்ட்சா (நீண்ட பட்டை வடிவ அலகு சுழன்று அறுக்கும்) ரம்பங்களை நீக்கிவிட்டு, பல வட்ட அலகுகள் ஒரே நேரத்தில் அறுக்கும் இயந்திரத்தை அமைத்திருக்கிறார்கள். ஆள் ஒருவருக்குக் கிடைக்கும் பலகையின் அளவு நன்றாக உயர்ந்துள்ளது. ஆனால், உள்ளே வரும் உருட்டுக்கட்டைக்கு ஈடாகக் கிடைக்கும் பலகை முன்பைவிடக் குறைந்துள்ளது. இந்நிலையில் தொழில்நுட்ப மாற்றத்தால் ஆலையின் உற்பத்தித் திறன் உயர்ந்தது என்று எழுதலாமா? எந்த அளவுகோலை முதன்மையாகக் கொள்வது?

பட்டறை மூத்தவர்:

தம்பி, மர அறுவையில் பெரும்செலவு கூலியன்று, மரமே. ஆகவே, ஆள் கணக்கை மட்டும் பார்த்தால் ஆலை நட்டத்தில் ஓடும்போதும் முன்னேறுவதுபோலத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முன்பு 20 பேர் நாளுக்கு 30 கனமீட்டர் கட்டையை அறுத்து 9 கனமீட்டர் பலகை எடுத்தார்கள். இப்போது 12 பேர் அதே 30 கனமீட்டரிலிருந்து 7.8 கனமீட்டர் எடுக்கிறார்கள் என்று கொள்வோம். ஆள் ஒருவருக்கான உற்பத்தி 0.45இலிருந்து 0.65ஆக உயர்கிறது, அதாவது 44 விழுக்காடு ஏற்றம். மரத்தின் மீட்பு விகிதமோ, அதாவது கட்டையில் பலகையாகக் கிடைக்கும் பங்கோ, 30 விழுக்காட்டிலிருந்து 26ஆக இறங்குகிறது. எட்டுப் பேரின் கூலி மிச்சமாகிறது, நாள்தோறும் 1.2 கனமீட்டர் பலகை மரத்தூளாகவும் ஓரக் கழிவாகவும் போகிறது. எது பெரிது என்பதை அந்த ஆலையின் கூலியும் பலகை விலையும்தான் சொல்ல வேண்டும்.

மீட்பு ஏன் குறைந்தது என்பதையும் நேரில் பாருங்கள். வட்ட அலகுகள் பொதுவாக பேண்ட்சா ரம்பத்தைவிடத் தடிப்பானவை. 25 மில்லிமீட்டர் பலகை அறுக்கையில், ரம்பம் தின்னும் அகலம் 2 மில்லிமீட்டராக இருந்தால் ஒவ்வொரு பலகைக்கும் சுமார் 7 விழுக்காடு மரம் தூளாகும். அதுவே 3 மில்லிமீட்டரானால் ஏறக்குறைய 11 விழுக்காடு. ரப்பர் மரத்தில் எஞ்சியிருக்கும் பால் அலகில் ஒட்டிச் சூடேற்றுவதால் வெட்டும் கோணும். கோணலுக்குப் பயந்து, கண்காணிப்பாளர்கள் தேவைக்கு மேல் தடிப்பு வைத்து அறுக்கச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் தடிப்பு பிற்பாடு இழைப்பு இயந்திரத்தில் சீவலாகப் போய்விடும். பதிவேட்டில் இதைத் தேடிப் பயனில்லை. தடிப்பை நுட்பமாக அளக்கும் காலிப்பர் கருவியை எடுத்துக்கொண்டு, ஒரே பலகையைப் பல இடங்களில் அளந்தால்தான் தெரியும்.

கெப்போங் வாசகர்:

மூத்தவர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும், கட்டையின் தரம் மாறியிருந்தால் இயந்திரத்தின்மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. நம் மலேசிய நாட்டில் ரப்பர் மரம் பால் வெட்டி முடிந்து, ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் மறுநடவுக்காக வீழ்த்தப்படுவது. கட்டைகள் குட்டையாகவும், விட்டம் குறுகியும், பால் வெட்டிய வடுக்களோடும் வருகின்றன. ஒரு மாதம் தடித்த கட்டையும் மறு மாதம் மெலிந்த கட்டையும் வந்தால், அதே இயந்திரத்தில் மீட்பு விகிதம் வெகுவாக வேறுபடும். ஆகையால், விட்ட வாரியாகப் பிரித்து ஒப்பிடாத எந்தக் கணக்கும் நம்பத்தக்கதன்று.

கட்டை சிறுத்ததால் தொழில்நுட்பமே திசை மாறிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910இல் தொடங்கப்பட்ட வனப்பொருள் ஆய்வகம், 1970களில் சிறு கட்டைகளுக்கென ஒரு கணினி முறையை உருவாக்கியது. முதல் வெட்டை எங்கே வைத்தால் மிகுதியான பலகை கிடைக்கும் என்று கணித்துச் சொல்வதே அதன் வேலை. அங்கே இயந்திரம் ஆளைக் குறைக்க மட்டும் வரவில்லை, மரத்தைக் காக்கவும் வந்தது. ப்ளைவுட்டுக்குப் பெரிய கட்டை வேண்டியிருந்த இடத்தில், சிறு மரங்களைச் செதில்களாக்கி ஒட்டும் பலகை வந்ததும் அதே நெருக்கடியால்தான். இங்கே காரணம் வேறு: குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2025இல் 1,700 ரிங்கிட்டாகியுள்ளது; அயல்நாட்டுத் தொழிலாளரும் வேண்டியபோது கிடைப்பதில்லை. எனவே நம் ஆலைகள் முதலில் ஆளை மிச்சப்படுத்தும் இயந்திரத்தை வாங்குகின்றன. இது முதலாளியின் அறியாமை என்று எழுதிவிடாதீர்கள்.

மாணவன்:

மிக்க நன்றி. ஓரக் கழிவை அந்த ஆலை எம்டிஎஃப் (மர இழைகளை ஒட்டி அழுத்திச் செய்யும் பலகை) தொழிற்சாலைக்கு விற்கிறது. தூளைக் கொதிகலனில் எரித்து, பலகை உலர்த்தும் அறைக்கு வெப்பம் தருகிறது. அப்படியானால் அதை இழப்பு என்று சொல்லலாமா?

கெப்போங் வாசகர்:

முழு இழப்பு அன்று. ஆனால் ஒரு கனமீட்டர் பலகையையும் ஒரு கனமீட்டர் கழிவையும் சமமாகக் கூட்டக் கூடாது. இரண்டையும் அவற்றின் விலையால் பெருக்கிக் கூட்டுங்கள். மறுபக்கம் கட்டை, கூலி, மின்சாரம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றையும் அவ்வாறே, மொத்தச் செலவில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பங்குக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டுங்கள். இவ்விரண்டின் வளர்ச்சிக்கும் இடையேயுள்ள வேறுபாடுதான் நீங்கள் தேடும் விடைக்கு அருகில் வரும். விலைகளை ஓர் அடிப்படை ஆண்டுக்கு நிலைநிறுத்துங்கள். இல்லையேல் பலகை விலை ஏறியதெல்லாம் திறன் ஏறியதாகத் தோன்றும்.

பட்டறை மூத்தவர்:

இன்னொன்று, தம்பி. பழைய பதிவேடு பலகையைப் பச்சையாக அளந்ததா, உலர்த்திய பின் அளந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் மரப் பலகை அறுத்தவுடனேயே போரான் உப்பு ஏற்றப்பட்டு உலர்த்தும் அறைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். உலர்கையில் பலகை சுருங்கும், சில பிளந்து கழிபடும். ஒரு காலத்துக்குப் பச்சைக் கணக்கையும் மறு காலத்துக்கு உலர்ந்த கணக்கையும் வைத்து ஒப்பிட்டால், இயந்திரம் மாறாமலேயே மீட்பு விகிதம் குறைந்ததாகக் காட்டும். சில ஆலைகளில் கணக்கர் மாறும்போது இந்த வழக்கமும் மாறிவிடுவதுண்டு.