தளை தட்டும் வெண்பாவுக்கு உதவி தேவை

மரபுக் கவிதை எழுதும் நண்பர்களே, மன்னார்குடிப் பக்கத்துத் தோழி ஒருவர் தம் முதல் வெண்பாவை நம்மிடம் பகிர்ந்திருந்தார். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதுதான் பாடுபொருள். ஈற்றடி ‘வரப்பு’ என, வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய ‘பிறப்பு’ வாய்பாட்டில் கச்சிதமாக முடிகிறது. இரண்டாம் அடியில்தான் சிக்கல்: ‘குறுவை நாற்று’ என்னும் இடத்தில் மாமுன் நேர் வந்து, அதாவது மாச்சீரான ‘குறுவை’யை அடுத்து நிரையசை வரவேண்டிய இடத்தில் நேரசை வந்து, தளை (சீருக்கும் சீருக்கும் உள்ள ஓசைப் பிணைப்பு) தட்டுகிறது. ‘குறுவை நடவு’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் சேற்றில் முடிமுடியாகக் கிடக்கும் அந்த நாற்றுதான் பாட்டுக்கே உயிர். அதை விட்டுவிட அவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

‘நாற்று’ நிற்கும்படி முன்சீரை எப்படி மாற்றலாம்? அடுத்த சீர் ‘பறித்து’. அருமை என்று வாழ்த்தியவர்கள் பலர். சீர் பிரித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. புதிதாக எழுதுபவருக்கு வாழ்த்து மட்டும் போதாது. தயவுசெய்து அசை பிரித்துக் காட்டி எழுதுங்கள்.