பனிச் சிலந்திக்குக் கால் நிற்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

ஒட்டடைக்கம்பு:
ஒட்டாவாவில் இருக்கிறோம். சிலந்தி பார்ப்பதும் படம் எடுப்பதுமாகத் திரிகிற ஆறு பேர். பிப்ரவரியில் பார்க்க ஒன்றுமில்லாமல் கை அரிக்க, என் வீட்டுக் கொல்லையில் பனியிலேயே ஓர் ஓநாய்ச் சிலந்தி செய்ய இறங்கினோம். உடம்பு ஐந்தடி, அருமையாக வந்துவிட்டது. கால்தான் தகராறு. கையால் பிடித்து ஒட்டுகிறோம், முட்டி வளைவு வந்ததும் பொலபொலவென்று உதிர்கிறது. வெளியே மைனஸ் 14. பனி சர்க்கரை மாதிரி கிடக்கிறது. கண்ணுக்கு வைத்த கரித்துண்டுகளும் மத்தியானத்துக்குள் உள்ளே போய்விட்டன. படம் போட்டிருக்கிறேன்.

குளிர்காய்பவன்:
அந்தக் குளிரில் பனியில் ஈரமே இருக்காது, எப்படி ஒட்டும்? ஒரு வாளியில் பனியும் தண்ணீரும் கலந்து இட்லி மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் உங்கள் சிமென்ட். மைனஸ் 14 இதற்கு வரம், சில நிமிடத்தில் இறுகிவிடும்.

ஆனால் காலைத் தனியாக ஒட்டவே வேண்டாம் என்பேன். பிளைவுட் அடைத்துப் பெட்டி கட்டி, பனியை வாரிப் போட்டு ஏறி மிதியுங்கள். ஒரு ராத்திரி விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பாளமாகிவிடும். இங்கே ஒட்டாவாவின் வின்டர்லூட் குளிர்கால விழாவில் செதுக்குகிறவர்களும் இப்படி அழுத்திய பாளத்தில்தான் வேலை செய்கிறார்கள். மறுநாள் ரம்பத்தால் செதுக்குங்கள். காலுக்கு அடியில் முழுக்கக் குடையாதீர்கள். கொஞ்சம் சுவர் விட்டால் நிழலில் தெரியாது.

எட்டுக்கண்:
பிப்ரவரியில் ஒன்றுமில்லையா! பூஜ்யத்தை ஒட்டிய நாளில் பனிமேல் குனிந்து பாருங்கள், இத்தனூண்டு விரிப்புவலைச் சிலந்திகள் நடந்துபோகும்.

சரி, படத்துக்கு வருகிறேன். பின்னங்கால் இரண்டும் வயிற்றில் முளைத்திருக்கிறதே? நீங்களே இப்படிச் செய்யலாமா? எட்டும் தலைமார்பிலிருந்துதான் வரவேண்டும். கால்களை உள்ளே மடக்கவும் கூடாது, அது செத்த சிலந்தியின் லட்சணம். காலை நீட்டுவது உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம். உயிர் போனால் சுருண்டுகொள்ளும்.

கரி வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள பனியை உருக்கும். அதனால்தான் இறங்கிவிட்டது. கண்களை ஆழமான குழியாகத் தோண்டுங்கள், நிழலே கறுப்பாகத் தெரியும். கீழ்வரிசையில் சின்னதாக நாலு, அதற்கு மேல் பெரிதாக இரண்டு, உச்சியில் பின்தள்ளி இரண்டு.

ஒட்டடைக்கம்பு:
கால் விஷயத்தில் வெட்கமாக இருக்கிறது :) உள்ளே குச்சி செருகலாமா?

குளிர்காய்பவன்:
போட்டியா என்ன, தாராளமாகச் செருகுங்கள். ஆனால் மேலே நாலு விரல் கனம் பனி இருக்கட்டும். குச்சி வெளியே தெரிந்தால் கரிக்கு ஆன கதிதான்.

ஒட்டடைக்கம்பு:
நின்றுவிட்டது! மிதிமிதியென்று மிதித்ததில் ஆறு பேருக்கும் கால் வலி. முதுகில் பனியுருண்டைகளை அடுக்கிக் குஞ்சு சுமக்கும் தாயாக்கிவிட்டோம், கூழ் பூசியதில் ஒன்றுகூட உருளவில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டு நாய் வந்து ஒரு காலைக் காலி செய்துவிட்டது. எட்டுக்கண் ஐயா, அடுத்த தோலுரிப்பில் முளைத்துவிடும் இல்லையா?

எட்டுக்கண்:
ஓநாய்ச் சிலந்தி பருவம் வந்தபின் தோலுரிக்காது. குஞ்சுகளை இறக்கிவிட்டு, ஐந்தடியும் இன்னும் வளராத சின்னப் பெண் என்று சொல்லிப் பாருங்கள்.