புது நாடு, பதின்ம வயது, ஏறும் எடை: பெண் பிள்ளைகளுடன் உங்கள் அனுபவம்?

ஓர் அம்மா:
மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நாடு மாறினோம். அந்த வருடமே பழைய துணி எதுவும் இடுப்பில் ஏறவில்லை. ‘அந்த ஊர் சாப்பாடு’ என்று சொந்தக்காரர்கள் முடித்துவிட்டார்கள். வீட்டுச் சமையல் மாறவே இல்லையே! முன்பு பள்ளிக்கு நடை, மாலையில் தெருவில் ஆட்டம். இங்கே வாசலுக்கே பஸ் வருகிறது. நாங்கள் வேலை முடிந்து வரும்வரை பூட்டிய கதவுக்குள் டிவியும் நொறுக்குத்தீனியும்தான்.

பள்ளிச் செவிலியர்:
எடை பார்ப்பது என் வேலை. எல்லா இனத்துப் பிள்ளைகளும் வருவார்கள். கம்மலையும் ஹேர்பேண்டையும் கழற்றிவிட்டு மெஷினில் ஏறுகிறவர்கள் உண்டு. அந்தக் கிராமாவது குறையட்டும் என்று. இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது வளர்ச்சியின் பாகம், அதையே நோயாக்க வேண்டாம்.

ஆனால் நடமாட்டம் குறைவது நிஜம். அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளையினச் சிறுமியர் 2,379 பேரை 9, 10 வயதிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். 16, 17 வயதில் ஓய்வு நேரத்தில் வழக்கமான உடலுழைப்பே இல்லை என்றவர்கள் கறுப்பினத்தில் 56 சதவீதம், வெள்ளையினத்தில் 31. பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளில் இரு இனத்திலும் சரிவு கூடுதல். ஆக, காரணம் இனம் மட்டும் இல்லை. குடியேறியவர்களைப் பற்றி 1998இல் வந்த ஆய்வு இன்னொன்று: அமெரிக்காவிலேயே பிறந்த ஆசிய, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த) பதின்ம வயதினரிடம் பருமன், வெளியே பிறந்து வந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது வளர்ந்துவிட்ட ஒரு மகள்:
வீட்டில் ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு’. வகுப்பில் ஒல்லியாக இருப்பவளுக்குத்தான் மதிப்பு. வீடியோ காலில் அத்தை முதலில் சொல்வது ‘குண்டாயிட்டியே’. மதியம் பட்டினி கிடந்து, வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்ததை எல்லாம் தின்பேன். டயட் என்று நினைத்துக்கொண்டேன், எடை ஏறியதுதான் மிச்சம். தம்பிக்கு சைக்கிள், எனக்கு ‘வெளியே போகாதே’. விளையாட்டு வகுப்பில் அரைக்கால் சட்டை கட்டாயம் என்பதால் வயிற்றுவலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். முழுக்கால் சட்டை போடலாம் என்று ஒரு புது ஆசிரியை அனுமதித்த பிறகுதான் கூடைப்பந்துக்குப் போனேன். அப்புறம் நிறுத்தவில்லை. எடை பெரிதாகக் குறையவும் இல்லை, சரி, மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிந்தது.

ஓர் அப்பா:
என் மகள் ஒல்லிதான், வயிறு மட்டும் போட்டிருக்கிறது. பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) அட்டவணைப்படி நார்மல். விட்டுவிடலாமா?

பள்ளிச் செவிலியர்:
அந்த அட்டவணை அவளுக்கு ஆகாது. 5 முதல் 19 வயதுவரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. ஆசிய உடல்வாகில் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை நோய் ஆபத்து தொடங்குவதால், பெரியவர்களுக்கே 25க்குப் பதில் 23இலிருந்து கவனிக்கச் சொல்கிறார்கள். பழைய உயர, எடைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். இடுப்பளவு எடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவள் முன்னால் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.