டிம்மின்ஸ் பக்கம் மண் மாதிரி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. கனடாவில், வடகிழக்கு ஒன்டாரியோவின் டிம்மின்ஸுக்கு வடக்கே தங்கம் தேடும் சிறு குழுவில் இருக்கிறேன். இந்தக் கோடையில் ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் 200 மீட்டர் இடைவெளியில் 140 இடங்களில் பி அடுக்கு (மேல்மண்ணுக்கு அடியில் இருக்கும் அடுக்கு) மண் எடுத்தோம். கொசுக்கடிக்குத் தனிப் பதிவே போடலாம், விடுங்கள்.

ஆய்வக முடிவில் ஆர்செனிக் ஒரு பட்டையாக உயர்ந்திருக்கிறது. தங்கத்தோடு சேர்ந்து வரக்கூடிய தனிமம் என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தல்: பட்டை அப்படியே சதுப்பு ஓரமாகப் போகிறது, இரும்பும் மாங்கனீசும் அங்கேதான் கூடுகின்றன. நிலத்தடி நீர் கொண்டுவந்த ஆர்செனிக்கை இரும்பு ஆக்சைடு பிடித்து வைத்திருக்கிறதோ?

இன்னொரு தலைவலி, ஓஜிப்வே பனி ஏரி, அதாவது பனியுக முடிவில் பனி உருகித் தேங்கிய ஏரி, விட்டுப்போன களிமண். சில இடங்களில் மண் துளைக்கும் இரண்டு மீட்டர் ஆகரை முழுக்க இறக்கியும் களிமண்தான். அடியில் இருக்கும் டில், அதாவது பனிப்பாறை அரைத்து இழுத்து வந்த கலவை, எட்டவே இல்லை. அந்த மாதிரிகளை மற்றவற்றோடு ஒரே வரைபடத்தில் போடுவதே தப்பு என்பேன்.

சரி, கேட்க வந்தது இதுதான். ஆர்செனிக்கை இரும்போடு ரெக்ரெஷன் போட்டு, அதாவது இரும்பின் அளவோடு சேர்ந்து ஏறுகிற பங்கைக் கணக்கில் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்தால் போதுமா? இல்லை, பனி வந்த திசையில், டில் வெளியே தெரியும் மேடுகளில் பத்துப் பத்து கிலோ எடுத்துத் தங்கத் துகள்களை எண்ணச் சொல்வதா? துகள் மடங்காமல் தேயாமல் இருந்தால் மூலம் பக்கத்தில் என்பார்கள். ஆனால் இங்கே பனி நகர்ந்தபோது பாறையில் விழுந்த கீறல்களே இரண்டு திசை காட்டுகின்றன. எதை நம்புவது? பட்ஜெட்டில் 20 மாதிரிக்குத்தான் இடம்.